தொட்டிக்குள் வந்த மாமனார்

என் வீட்டுக்காரர் மாலைதீவு வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது, அவரை வீட்டில் எங்கே வைப்பது என்பதுதான் எனக்குப் பெரிய பிரச்சினையாக இருந்தது.

சிரிக்க வேண்டாம். உண்மையாகவே இடம் இல்லை. மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் சந்தில் எங்கள் வீடு. முன்னறை என் தையலறை. இரண்டு மெஷின், துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, அளவெடுக்க ஒரு மூலையில் திரை. பின்னறையில் அவருடைய அக்கா. நடுவில் நாங்கள் படுக்கிற அறை, அதிலும் பாதி துணி மூட்டை. கல்யாணமான புதிதிலேயே அவர் மாலைதீவுக்குப் போய்விட்டார். ஒரு தீவு ஹோட்டலில் படகு எஞ்சின் பார்க்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்தால் விருந்தாளி. விருந்தாளிக்கு ஒரு கதிரை போதும். நிரந்தரமாக வந்த மனிதரை என்ன செய்வது? எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, அவர்களோடு விளையாடிக்கொண்டிருங்கள் என்று சொல்ல.

முன்னறையில் உட்கார்ந்தார். அளவு கொடுக்க வந்த பெண்கள் வாசலோடு, "அக்கா, பெறகு வாறேங்க" என்று திரும்பினார்கள். பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தேன். அக்காவும் தம்பியும் பழைய தேயிலைத் தோட்டத்துக் கதை பேசி, பேசி முடித்து, சண்டையும் பிடித்து முடித்தார்கள். பலாமரத்தடியில் கதிரை போட்டுக் கொடுத்தேன். குரங்கு பலாக்கொட்டையால் அடித்தது. எங்கே வைத்தாலும் ஆள் ஒரு சுற்றுச் சுருங்கிப் போனார்.

சும்மா இருக்கத் தெரியாத கைகள் அவருக்கு. என் கத்தரிக்கோலைத் தீட்டினார், துணி பார்த்தாலே வெட்டுப்படும் அளவுக்கு. மிதி மெஷினுக்கு மோட்டர் பூட்டினார். அதற்கு எண்ணெய் விட்டு, அந்த எண்ணெய் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டில் சொட்டி, அன்றைக்கு நான் பேசிய பேச்சு சந்தின் முனை வரை கேட்டிருக்கும். அதற்கு அடுத்த வாரம்தான் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது.

"மீன் வளர்க்கலாம்னு," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வளத்துக்குங்க," என்றேன். தங்க மீன் என்று நினைத்தேன். எண்ணெய்க்கு மீன் மேல்.

பிறகு மூட்டையில் உப்பு வந்தது. பம்ப் வந்தது, நீல லைட் வந்தது, தண்ணீர் வடிகட்டும் சாமான் வந்தது, பிளாஸ்டிக் பீப்பாய்கள் வந்தன. கடல் மீனாம். மாத்தளையில்! கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் திருகோணமலைப் பக்கம் பொதுவாகக் கையைக் காட்டுகிற ஊர் இது. அவர் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, உப்பைக் கொட்டி, பம்ப் போட்டுக் கலக்கி, அளவுபார்க்கும் கருவியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அண்ணி, அதாவது அவருடைய அக்கா, ஒரு விரலை விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு தம்பி."

"அக்கா, இது ரசம் இல்ல."

தொட்டியில் கல்லும் மணலும் தண்ணீரும் மட்டும் வாரக்கணக்கில் கிடந்தன. மீன் தாங்குகிற மாதிரித் தண்ணீர் பழுக்க வேண்டுமாம். வந்த பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, மீனெல்லாம் செத்துப்போச்சாக்கா?" என்று துக்கம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் இன்னும் மீனே போடவில்லை என்று விளக்கி என் வாய் வலித்தது. ஒருவழியாக செம்மஞ்சளில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள் வந்தன. பிறகு ஒரு இறால், கறிக்கில்லையாம், சும்மா அழகுக்கு. கடைசியாகக் கொழும்புக்குப் போய் பவளம் வாங்கி வந்தார்.

நம் கடலில் பவளத்தைப் பிடுங்கினால் சட்டம் பிடிக்கும். இது வேறு நாட்டில் பண்ணையில் வெட்டி நட்டு வளர்த்தது, அனுமதிப் பத்திரத்தோடு வந்தது என்று எனக்குப் பத்திரத்தையே காட்டினார். மீன் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து மாத்தளை வரை பஸ்ஸில் வந்திருக்கிறார். அவர் பெட்டியைக் கட்டிப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்து, பக்கத்திலிருந்தவர் ஏதோ ஆபரேஷனுக்குக் கொண்டுபோகிற உறுப்பு என்று நினைத்து ஜன்னலோரத்தையே விட்டுக் கொடுத்தாராம்.

பெட்டியைத் திறந்தார். நானும் அண்ணியும் எட்டிப் பார்த்தோம். கழுவி வைத்த ஆட்டுக் குடல் மாதிரி ஒன்று பையில் கிடந்தது.

"இத யாரு சமைக்கிறது?" என்றார் அண்ணி.

"இது சதைப் பவளம். உசிரோட இருக்கு. உள்ளுக்கு எலும்பு மாதிரி கல்லு, மேல சதை. தண்ணியில விட்டா ஊதி விரியும்."

அதைத் தொட்டியின் அடியில், மணலில், ஒரு ஓரமாக வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கொழும்பு வரை போய், மடியில் தூக்கிக்கொண்டு வந்த பொருளைக் கொண்டுபோய்க் காலடியில் வைப்பதா? நான் தையற்கடைக்காரி. நல்ல சேலையை எந்த முட்டாள் கீழ்த்தட்டில் வைப்பான்? உச்சிக் கல்லில், லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் வாசலில் நுழையும்போதே கண்ணில் படும். அண்ணியும் என் பக்கம். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம் என்பதால் அவரே கொஞ்சம் திகைத்துவிட்டார்.

"அதுக்கு அந்த வெளிச்சம் ஆகாது. கல்லு மேல வச்சா, ஊதும்போது சதை கல்லுல உரசிக் கிழியும். தண்ணி வேகமா அடிச்சா விரியாது. அதுக்குக் கீழதான் சரி."

"ஒரு நாள் வச்சுப் பாருங்க. என்ன, செத்தா போயிரும்?"

அவர் வாதாடவில்லை. வாதாடுகிறவர் இல்லை. உச்சிக் கல்லில் வைத்தார். சாயங்காலத்துக்குள் அது பிழிந்துபோட்ட துணியாகிவிட்டது. ஓரங்களில் வெள்ளைக் கல் பல் மாதிரி தெரிந்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கையை விட்டு, எடுத்து, மணலில் பழைய இடத்திலேயே வைத்தார். பம்பின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அடுத்தடுத்த நாட்களில் அது மெல்ல மெல்ல எழும்பிப் பூரி மாதிரி உப்பி நின்றது. நடுவில் சிவப்பு, சுற்றிலும் பச்சை, ஓரம் முழுக்க யாரோ பிக்கோ போட்டுச் சுருக்கியது போல வளைந்து வளைந்து. நானாவது, அப்படி ஒரு ப்ரில் தைப்பதாவது! இரத்தோட்டையிலிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணின் தாய் அதைக் காட்டி, "இந்தக் கலர்ல, இந்தக் கரையோட ஒரு ஜாக்கெட் வேணும்" என்று கேட்டு, நான் துணிக்காகக் கடை கடையாக அலைந்தேன்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு சதைப் பவளம் வாங்கி வைக்கலாமே என்று கேட்டதற்கு, அவர் தலையை ஆட்டினார்.

"சதைக்காரங்க ரெண்டு பேரு ஒட்டி ஒட்டி இருக்கக் கூடாது. இருட்டினா விழுதை நீட்டி ஒண்ண ஒண்ணு கொட்டும். நடுவுல நல்லா இடம் விடணும்."

"இத நம்ம கல்யாணத்துக்கு முந்தியே உங்க அக்காவுக்கும் எனக்கும் யாராவது சொல்லியிருக்கலாம்," என்றேன். பின்னறையில் பாத்திரம் ஒன்று வேண்டுமென்றே கீழே விழுந்தது.

இப்படியாக அவருக்கும் வீட்டில் ஒரு இடம் கிடைத்தது. தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூல். அளவெடுக்கும் திரைக்கு முதுகைக் காட்டி, தண்ணீருக்குள் முகத்தைக் கொடுத்து உட்கார்ந்தால் மனிதர் திரும்பவே மாட்டார். முதலில் கூச்சப்பட்ட பெண்கள் பிறகு அவரை அலுமாரியைப் போலக் கடந்து போனார்கள். "ஒங்க வீட்டுக்காரருக்கு மொகம் இருக்காக்கா? நான் முதுகுதான் பாத்திருக்கேன்" என்று ஒருத்தி கேட்டாள். இருந்தது. அதில் சிரிப்பும் வரத் தொடங்கியிருந்தது. மீனைப் பற்றிக் கேட்டால் பேசுவார், பவளத்தைப் பற்றிக் கேட்டால் நிறுத்தமாட்டார். கல்யாணமாகி இவ்வளவு காலத்தில் நான் கேட்காத குரல். மெஷினை மெதுவாக ஓட்டிக்கொண்டு கேட்பேன். கேட்கிறேன் என்று காட்டிக்கொள்ள மாட்டேன்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. பழைய ஹோட்டல் மெனேஜர். கம்பளை ஊர்க்காரர், தமிழிலேயே பேசுவார். புதிதாக வேறொரு தீவு எடுக்கிறார்கள், படகுகள் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும், வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவர் போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே துடைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"கேக்குறாங்க," என்றார்.

"போறதுன்னா போங்க," என்றேன்.

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. எனக்கு வாய் முந்திக்கொள்ளும், மனசு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அவர் போகக் கூடாது என்பதுதான் உண்மை. அந்த முதுகு அங்கே இல்லாமல் இனி என்னால் அந்த அறையில் உட்கார்ந்து தைக்க முடியாது என்பதும் உண்மை. ஆனால் கெஞ்சிப் பழக்கமில்லாத வாய்க்கு அது வரவில்லை. அவரும் "இரு" என்று யாராவது சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. நான் பொபினில் நூல் சுற்றினேன்.

"மெடிக்கல் மட்டும் எடுத்து வைக்கிறேன். பெறகு பாக்கலாம்," என்று கொழும்புக்குப் புறப்பட்டார். போகிற அன்று தொட்டியை என்னிடம் ஒப்படைத்தார். மாற்றுத் தண்ணீர் பீப்பாயில் தயாராக இருக்கிறது. சாயங்காலம் சதைப் பவளம் சின்ன விழுதுகளை நீட்டும். அப்போது பொடி இறாலைச் சிரிஞ்சியால் அதன் வாய்ப் பக்கம் மெதுவாக விட வேண்டும். அந்த அழகு இறால் திருட வரும், விரட்ட வேண்டும்.

"பொடி றால் முடிஞ்சா சோறு போடவா?" என்று கிண்டலுக்குக் கேட்டேன்.

அவர் கிண்டலைக் கவனிக்கவில்லை. பவள விஷயத்தில் அவருக்குக் கிண்டல் கிடையாது. "புடிச்சுக்கும். எதக் குடுத்தாலும் மொதல்ல புடிச்சுக்கும். ஆனா சோறு அதுக்குச் செமிக்காது. கொஞ்ச நேரத்துல துப்பிரும். எப்பவும் துப்பிரும்."

நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். இவரை இந்த வீட்டில் பிடித்து வைத்திருப்பது அந்தச் சதைப் பவளம்தான். அது நன்றாக இருந்தால் அதை விட்டுப் போக மனம் வராது. அது செத்தால் பெட்டியைக் கட்டிவிடுவார். அதனால் அவர் வரும்வரை அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

அவர் போன மறுநாள் ஆடி அமாவாசை.

செத்துப்போன தகப்பனுக்கு மகன் கடலில் முழுகி, எள்ளும் சோறும் பிடித்துக் கரைக்க வேண்டிய நாள். மாலைதீவில் இருந்த காலமெல்லாம் அண்ணிக்கு இதில் கவலையே இருந்ததில்லை. அவனுக்கு வாசல்படியே கடல், இறங்கினால் தீர்த்தம். காலையில் போன் போட்டு ஞாபகப்படுத்துவார், அவரும் அங்கே முழுகிவிட்டு வேலைக்குப் போவார். இந்த வருஷம் தம்பி நாட்டிலேயே இருக்கிறான் என்று சும்மா இருந்துவிட்டார். தம்பியோ மறந்துபோய்க் கொழும்பில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி முழங்கால் வலியோடு திருகோணமலைக்குப் போக முடியாது. தானே விரதம் இருந்து, சமைத்து, மதில்மேல் காக்கைக்கு இலையில் சோறு வைத்தார். காக்கை வருவதற்குள் குரங்கு வந்தது. சோற்றைத் தின்று, இலையையும் தூக்கிக்கொண்டு பலாமரத்தில் ஏறியது.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் திரைக்குள் ஒரு சிங்கள டீச்சருக்கு ஜாக்கெட் போட்டுப் பார்த்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். வில்கமுவையிலிருந்து வந்தவர், அவருக்கு பஸ் விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று பஸ்காரனுக்கே தெரியாது. கையில் ஊசி, வாயில் ஊசி. வெளியே அண்ணி ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு 'தொபுக்' என்று ஒரு சத்தம்.

நான் திரையை விலக்கினேன். தொட்டியின் மூடி திறந்திருந்தது. தண்ணீரின் மேல் செவ்வரத்தம்பூ மிதந்தது. எள் மழை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. மீன்கள் இரண்டும் பைத்தியம் பிடித்து ஓடின. எலுமிச்சங்காய் அளவு ஒரு சோற்று உருண்டை ஆடி அசைந்து கீழே போய், சதைப் பவளத்தின் மேலேயே உட்கார்ந்தது.

ஊசிகளைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "அண்ணி! என்ன செஞ்சீங்க?"

"கடல்ல கரைச்சேன்."

"இது கடல் இல்ல அண்ணி, தொட்டி!"

"தம்பிதானே சொன்னான், கடல் தண்ணி, கடல் மண்ணு, கடல் மீனுன்னு. அப்ப இது கடல் இல்லாம நம்மூரு ஆறு சுது கங்கையா?"

கையை விட்டு உருண்டையை எடுக்கப் போனேன்.

அதற்குள் தொட்டியில் ஒன்று நடந்தது. சதைப் பவளம் மெதுவாக உப்பியது. ஓரத்திலிருந்து சின்னச் சின்ன விழுதுகள் எழும்பி அந்த உருண்டையைத் தொட்டுப் பார்த்தன. நடுவில் வாய் திறந்தது. பட்டப்பகலில், எங்கள் மூன்று பேருடைய கண் முன்னாலும், அது சோற்று உருண்டையை இரண்டு பக்கமும் சதையால் அணைத்து உள்ளே இழுத்துக்கொண்டது.

அண்ணி தரையில் அப்படியே உட்கார்ந்தார், வலிக்கிற முழங்காலோடு. "அப்பா வாங்கிட்டாரு," என்றார். "காக்கா வரல. அப்பாவே வந்து வாங்கிட்டாரு." கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திட்ட வாயெடுத்த நான் நின்றுவிட்டேன். தோட்டத்துக் கூலி லயத்தில் வயிறு நிறையச் சாப்பிடாமலே செத்துப்போன மனிதர் என் மாமனார் என்று அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். டீச்சரும் ஒரு கை தைக்காத ஜாக்கெட்டோடு வெளியே வந்து, விஷயம் என்னவென்று தெரியாமலே, விகாரையில் சொல்வது போலக் கைகூப்பி, "சாது, சாது" என்றார்.

டீச்சரை பஸ்ஸுக்கு அனுப்பி, அண்ணியைப் படுக்க அனுப்பிவிட்டு, நான் தொட்டிக்குள் இறங்காத குறைதான். தேத்தண்ணி வடியால் பூவையும் எள்ளையும் அள்ளினேன். சிரிஞ்சியால் பருக்கை பருக்கையாக உறிஞ்சினேன். தண்ணீர் கஞ்சித் தண்ணியாகிக்கொண்டே போனது. பின்னேரம் சதைப் பவளம் வாயைத் திறந்து, மாமனார் வாங்கிக்கொண்ட உருண்டையை அப்படியே, எள்ளோடு, வழவழவென்று சளி சுற்றித் துப்பியது. அவர் சொன்னது சொன்னபடி. அண்ணி எழும்புவதற்குள் அதை எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் புதைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. அந்த அழுகைக்குப் பிறகு எப்படிச் சொல்வது?

பீப்பாய்த் தண்ணீரை மாற்றினேன். ஆனாலும் பவளம் சுருங்கத் தொடங்கியது. உச்சிக் கல்லில் வைத்த அன்று இருந்ததைவிட மோசம். ஒரு பக்கம் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது. இது செத்தால் அவர் போய்விடுவார் என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டேன், கேட்க மீன்கள்தான் இருந்தன.

சாயங்காலம் போன் வந்தது. நான் தைத்துக்கொண்டே பேசினேன், நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று.

"பவளம் எப்படி இருக்கு? வீடியோவில காட்டு."

"கரண்ட் இல்லங்க. இருட்டா இருக்கு."

"மெஷின் ஓடுற சத்தம் கேக்குதே."

"காலால மிதிக்கிறேன்."

"மோட்டர் நான்தானே பூட்டினேன். மிதியக் கழட்டி வச்சாச்சே."

நான் போனைப் பார்த்தேன். போன் என்னைப் பார்த்தது. "ம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அந்த அழகு இறால் பவளத்தின் வெளுத்த பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. எரியிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இதைத்தான் சொல்வார்கள். விரட்டினேன், வந்தது. மறுபடி விரட்டினேன், மறுபடி வந்தது. எனக்குக் கோபம் வந்தால் கை தானாகத் துணியைத் தேடும். கல்யாணப் பெண்ணின் தலைக்கு வாங்கிய நெட் துணியில் மிச்சம் இருந்தது. அகலமான பிளாஸ்டிக் வளையல் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றி நெட்டைக் கூடாரம் மாதிரித் தைத்தேன். சின்னச் சின்னக் கண், ஒரு விழுது நுழையலாம், ஒரு இறால் நுழைய முடியாது. பவளத்தை இன்னும் ஓரமாக, தண்ணீர் ஓட்டம் குறைந்த மூலைக்கு மெதுவாக நகர்த்தி, கூடாரத்தைக் கவிழ்த்து, ஓரத்தில் கல் வைத்தேன். லைட்டின் அந்தப் பக்கத்துக்கு, தையலுக்கு அச்சு வெட்டும் எண்ணெய்க் கடதாசியை ஒட்டி வெளிச்சத்தைக் குறைத்தேன். பிறகு அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேலை மலை மாதிரிக் கிடந்தது. எழும்ப மனமில்லை. இந்த மனிதர் இத்தனை நாள் இங்கே உட்கார்ந்து என்ன பார்த்தார் என்று கொஞ்சம் விளங்கியது.

அன்று மத்தியானமே வந்து நின்றார். சொல்லவில்லை, போன் பண்ணவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு நேரே தொட்டிக்குப் போனார். நான் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் கூடாரம் யாரு தைச்சது?"

"ஏன், அளவு சரியில்லையா?"

"சரியாத்தான் இருக்கு," என்றார். விரலால் கண்ணாடியின் மேல் அந்தத் தையல் ஓரத்தைத் தடவினார்.

அதற்குள் அண்ணி பின்னறையிலிருந்து வந்துவிட்டார். ஒரு இரவு முழுக்க ஒத்திகை பார்த்து வைத்திருந்தார் போல, மூச்சு விடாமல் சொன்னார். "நீ மறந்துட்டுப் போயிட்ட. நீ குடுக்க வேண்டிய சோத்த நான் குடுத்தேன். அப்பா வந்தாரு. இதுக்குள்ள இருந்து வாயத் தொறந்து வாங்கினாரு. நான் பாத்தேன், இவ பாத்தா, அந்த டீச்சரும் பாத்தாங்க. இத்தன காலம் எங்கெங்கயோ கடல்ல அலஞ்சுட்டு, அப்பா இப்பதான் நம்ம வீட்டுக்கு வந்திருக்காரு. நீ இப்ப திரும்பவும் மாலைதீவுக்குப் போனா அவர யாருடா பாக்குறது?"

அவர் நிமிர்ந்தார். "அக்கா, அது ஒரு பிராணி. அதுக்குச் சோறு..." என்று தொடங்கி நிறுத்தினார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"சாப்பிட்டுச்சா?"

எப்பவும் துப்பிவிடும் என்று சொன்னவர் அவர். அதைக் கேட்டுக்கொண்டு நின்றவள் நான். வாழையடியில் மண் இன்னும் காயவில்லை. நான் மெஷினிலிருந்து காலை எடுத்தேன். என் வாய் முதல் தடவையாக மனசு வந்து சேரும்வரை காத்திருந்தது.

"சாப்பிட்டுச்சு," என்றேன்.

"முழுசாவா?"

"ஒரு பருக்க விடல."

அவர் என்னையே பார்த்தார். அளவெடுப்பது போல மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் காது சூடாகியது, பார்வையை எடுக்கவில்லை. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

"அப்ப சரி," என்றார். "ஆனா அக்கா, இனிமே சோறு வேணாம். அப்பாவுக்குப் பொடி றால் போதும்."

"அமாவாசையில அப்பாவுக்கு றாலா!" என்று அண்ணி நெஞ்சில் கை வைத்தார். அமாவாசையில் பட்டினி போடுவது, மற்ற நாளில் இறால் என்று பேசி முடிப்பதற்குள் எனக்கு ஒரு ஜாக்கெட்டே தைத்து முடிந்தது.

மறுநாள் கம்பளைக்கார மெனேஜர் எடுத்தார். நான் மெஷினை நிறுத்திவிட்டேன், நூல் கோக்கிற மாதிரி. இவர் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டே பேசினார். வர முடியாது என்றார். அங்கிருந்து ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"வீட்டுல அப்பா இருக்காரு. பாக்க ஆள் இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ விசாரித்தார்கள். இவர் குனிந்து நெட்டுக்குள் பார்த்தார். ஓரத்தில் ஒரு சின்ன மடிப்பு மறுபடி உப்பத் தொடங்கியிருந்தது.

"இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல. வேற எடத்துல வச்சிருந்ததால கொஞ்சம் சுருங்கிட்டாரு. இப்ப சரியான எடத்துல வச்சிருக்காங்க. தேறிருவாரு."

என்னால் ஊசிக் காதைப் பார்க்க முடியவில்லை, கண் நிறைந்துவிட்டது. நூலைப் பல்லால் கடித்துவிட்டு, மோட்டரைப் போட்டு, துணி எதுவும் வைக்காமலே கொஞ்ச நேரம் தைத்தேன்.